சிடியில் ஒன்றுமில்லை என்றார்கள்

பனியன் கம்பெனிகளில் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறப்பது அருவருப்பான வேலை. பல வருடமாக எனக்குச் சோறு போடுவது அதுதான், ஆனாலும் அருவருப்புதான். மூடியைக் கழற்றினால் உள்ளே மெஷின் தெரியாது, ஒரு அழுக்குத் தலையணை தெரியும். ஃபேன் நாள் முழுக்க இழுத்து அடைத்து வைத்த பஞ்சு. நடுவில் பல்லி முட்டை, செத்த கரப்பான், யாரோ ஊற்றிய டீயின் கறை. ஏசி போட்ட ஆபீஸ் என்று பெருமை பேசுவார்கள். அங்கேயும் இதே கதிதான்.

அதிலும் சிடி டிரைவ் இருப்பதிலேயே மோசம். இப்போது யாரும் சிடி போடுவதில்லை, அதனால் அதை யாரும் திறப்பதும் இல்லை. பழைய டப்பாக்களில் அது பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு பஞ்சைத் தின்றுகொண்டிருக்கும்.

மங்கலம் ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. அதன் மேனேஜர் ஒரு நாள் போன் செய்தார்.

"ஏனுங்க, ஒரு சிடி போட்டா ஓடமாட்டேங்குதுங்க. நீங்க சும்மா வந்து பாத்துப்போட்டு, ஓடாதுன்னு ஒரு வார்த்த சொல்லீட்டுப் போயிருங்க, போதும்."

ரிப்பேர்க்காரனைக் கூப்பிடுகிறவன் ஓட வைக்கச் சொல்லுவான். ஓடாது என்று சொல்ல வைப்பதற்காகக் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன்.

ஆபீஸ் ரூமில் மூன்று பேர் இருந்தார்கள். மேனேஜர் டீயும் பஜ்ஜியுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹெச்.ஆர். மேடம். எதிரே, தைத்து வந்த பனியன்களைச் சோதிக்கும் செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், நின்றுகொண்டிருந்தார். காலி நாற்காலி ஒன்று கிடந்தது. உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

விஷயத்தை அந்தப் பெண்ணே சொன்னார். தெற்கத்திப் பேச்சு.

"அண்ணே, எங்க சூப்பர்வைசர் லீவு கேட்டா ஸ்டோர் ரூமுக்கு வான்னு சொல்லுதான். அசிங்கமாப் பேசுதான். நான் போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டேன். கம்ப்ளைன்ட் குடுத்தா, சிடியில போட்டுக் குடுன்னு மேடம் சொன்னாவ. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டுடியோவுல போட்டேன். ஸ்டுடியோக்காரன் போட்டுக் காட்டுனான், நல்லாக் கேட்டுச்சு. இங்க வந்தா ஒண்ணுமில்லைங்காவ."

"போன்ல இருக்குமில்லீங்க?" என்றேன்.

"அந்தப் போனு டிஸ்பிளே போயிட்டுண்ணே. சிடிதான் இருக்கேன்னு கடையில அதக் குடுத்துட்டு இத வாங்குனேன்." கையிலிருந்த புதுப் போனைக் காட்டினார்.

ஆக, உலகத்தில் இருப்பது இந்த ஒரு சிடிதான். இது ஓடவில்லை என்றால் பொய்ப் புகார் என்று எழுதி அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். சூப்பர்வைசர் தன் ஸ்டோர் ரூமிலேயே இருப்பான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டது எதற்கென்று அப்போது விளங்கியது.

டிரைவைக் கழற்றினேன். "ஏர் கன்னு கொண்டாரச் சொல்லட்டுங்களா? ஒரே அடியில பஞ்செல்லாம் போயிரும்" என்றார் மேனேஜர். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். கம்ப்ரசர் காற்றில் மெஷினை ஊதுவார்கள், துணியை ஊதுவார்கள், வீட்டுக்குப் போகும்போது தலைமுடியையும் ஊதிக்கொள்வார்கள். டிரைவுக்குள் இருக்கும் லென்ஸ் மிளகு அளவுதான். மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்கிக்கொண்டு, சிடி சுற்றும்போது அதன் நெளிவுக்கு ஏற்ப மேலும் கீழும் ஆடும். அதில் கம்ப்ரசரை வைத்தால் லென்ஸ் மேனேஜரின் டீக்குள்தான் விழும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். குச்சி கருத்துப்போய் வந்தது.

இந்த லென்ஸ் வழியாகத்தான் லேசர் ஒளி சிடிக்குப் போகிறது. ஸ்டுடியோவில் எழுதும் சிடிக்குள் இருப்பது ஒரு சாயப் பூச்சு. துணிச் சாயத்தை ஆற்றில் விட்டவர்கள் நிறைந்த எங்கள் ஊரில் இது எளிதில் புரியும். எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தில் பொட்டுப் பொட்டாகச் சுடுகிறது. படிக்கும்போது மெல்லிய ஒளியைப் பாய்ச்சி, சுட்ட இடத்திலும் சுடாத இடத்திலும் அது எப்படித் திரும்பி வருகிறது என்று பார்க்கிறது. அவ்வளவுதான். லென்ஸின் மேல் பஞ்சு படிந்தால் ஒளி உள்ளே போகாது, திரும்பியும் வராது. சிடி காலி என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

டிரைவை மாட்டிச் சிடியைப் போட்டேன். ஓடியது. திரையில் நேரம் நகர்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

"பாத்தீங்களா? ஓடுது, ஆனா எதுவும் இல்ல" என்றார் ஹெச்.ஆர். மேடம். முகத்தில் ஒரு நிம்மதி.

ஓடுகிற சிடியில் ஒன்றுமில்லையா? டிரைவ் எடுத்துக் கொடுப்பது வெறும் எண்களைத்தான். அந்த எண்களை மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது சவுண்டு கார்டு. முன்பெல்லாம் அது தனி அட்டை. இப்போது மதர் போர்டிலேயே நகத்தளவு சில்லு ஒன்று ஒட்டியிருக்கிறது. செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். அந்தச் சில்லை அணைத்தே வைத்திருந்தார்கள்.

"இத யாருங்க ஆஃப் பண்ணுனது?"

மேனேஜர் பஜ்ஜியை மென்றுகொண்டே சொன்னார்: "அதுங்களா, பசங்க பாட்டுக் கேக்கறானுகன்னு எல்லாச் சிஸ்டத்துலயும் சவுண்ட ஆஃப் பண்ணச் சொன்னது நாந்தானுங்க."

சத்தத்தை அணைக்கச் சொன்ன ஆள். அவரே அந்த மெஷினில் சிடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியிருக்கிறார். மறந்தாரா, நடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எதுவானாலும் காறித் துப்பலாம்.

சில்லை இயக்கினேன். கம்ப்யூட்டர் அணைந்து திரும்ப வருவதற்குள் மேனேஜர் டிரேயிலிருந்து சிடியை எடுத்து, "இதுல அப்பிடி என்ன பெருசா இருக்கப் போகுதுங்க" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே பஜ்ஜிக் கை. சிடியின் ஓரத்தில் ஐந்து விரலும் எண்ணெயாகப் பதிந்தன.

"ஐயோ, எண்ணெ பட்டுட்டே!" அந்தப் பெண் சிடியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வெளியே போனார். நான் ஸ்பீக்கர் ஒயரைச் சொருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் இருந்தேன். எழுந்து பார்ப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"சுத்தமாயிட்டுண்ணே. நம்ம கன்னு வச்சு ரெண்டு அடி."

செக்கிங் டேபிளில் கறை எடுக்கும் கன் இருக்கும். பனியனில் மெஷின் எண்ணெய் பட்டிருந்தால் அதிலிருந்து கறை மருந்தைப் பீய்ச்சுவார்கள், கறை கரைந்து ஆவியாகிவிடும். காலையிலிருந்து மாலைவரை அவர் செய்வது அந்த வேலை. எண்ணெயைக் கண்டால் கை தானாகக் கன்னுக்குப் போகிறது. துணிக்கு அது சரி. ஆனால் சிடி பிளாஸ்டிக். அந்த மருந்து பிளாஸ்டிக்கையே தின்னும்.

சிடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். எண்ணெய் இருந்த ஓரம் பூராவும் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. அங்கிருந்து ஒரு சொட்டு வழிந்து நடு ஓட்டைவரை கோடு இழுத்திருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்னண்ணே? போயிட்டா?"

மேனேஜர் சிரித்தார். வாய் விட்டே சிரித்தார். "அவுங்களே அழிச்சுப்போட்டாங்களே! நாங்க ஒண்ணும் பண்ணலைங்க, நீங்கதான் சாட்சி."

அந்தப் பெண் அழவில்லை. முந்தானையால் சிடியைத் துடைக்கப் போனார், நான் தடுத்துவிட்டேன்.

"இருங்கக்கா. போட்டுப் பாக்கலாம்."

எனக்கு ஒரு நப்பாசை இருந்தது. சிடியில் எழுத்து உள்ளேயிருந்து வெளியே போகும், நடு ஓட்டையை ஒட்டித்தான் தொடங்கும். நாலைந்து நிமிடப் பேச்சு என்றால் ஓட்டையைச் சுற்றி மெல்லிய வளையம்தான், மீதிச் சிடி காலி. வெளுத்துப்போன ஓரத்தில் எதுவுமே இல்லை. ஆனால் அந்தக் கோடு வளையத்தைக் குறுக்கே வெட்டுகிறது. சின்னக் கீறல் என்றால் விட்டுப்போனதை டிரைவே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். இந்தக் கோடு அகலமாக இருந்தது.

டிரே உள்ளே போனது. டிரைவ் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. லென்ஸ் முன்னும் பின்னும் தேடும் கரகரப்பு கேட்டது. அந்தப் பெண் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகு ஸ்பீக்கரில் டக்டக்டக்கென்று தையல் மெஷின் ஓடுவது போல ஒரு சத்தம் வந்தது. சிடி ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் அந்தக் கோட்டில் லேசர் இடறுகிறது. அதற்கு அடியிலிருந்து ஒரு ஆணின் குரல்.

"சனிக்கெழம லீவு வேணும்னா ஸ்டோர் ரூமுக்கு வா. உள்ள வந்து கேளு. எல்லாரும் அப்பிடித்தான் வாங்கறாளுக."

"அண்ணன்னுதான கூப்புடுதேன். இப்படிப் பேசாதீய."

"அண்ணனா? கதவச் சாத்துனா நான் அண்ணனில்ல."

அதற்கு மேல் அவன் பேசியதை நான் எழுதப் போவதில்லை. அவன் ஒரு சிரிப்பும் சிரித்தான். மேனேஜர் சற்று முன் சிரித்த அதே மாதிரிச் சிரிப்பு.

"கொஞ்சம் சவுண்டக் கொறைங்க, வெளிய கேக்குது" என்றார் மேனேஜர். அந்தப் பேச்சைக் கேட்டபின் அவருக்கு வந்த முதல் கவலை அது.

ஹெச்.ஆர். மேடம் பேனாவை உருட்டினார். "நடுவுல டக்டக்னு கட் ஆகுது. குவாலிட்டி இல்ல. இத எப்படி எவிடென்ஸா எடுத்துக்கறது?"

"கட் ஆகாத எடத்துல என்ன சொன்னான்னு கேட்டியள்லா மேடம்?" என்றார் அந்தப் பெண்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சிடிய எடுத்து இங்க குடுங்க. கம்பெனி சிஸ்டத்துல இருந்து யாரும் காப்பி கீப்பி எடுக்கக் கூடாதுங்க, ரூல்ஸ்."

"எடுக்க வேண்டாம் சார்" என்று புதுப் போனை உயர்த்தினார் அந்தப் பெண். திரையில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. "மொதல்ல இருந்தே ரெக்கார்டு ஓடிட்டுதான் இருக்கு. சவுண்டக் கொறைங்கன்னு நீங்க சொன்னதும் இதுல இருக்கு."

மேனேஜரின் முகம் எண்ணெய் வழிந்தபடியே உறைந்தது. நான் சிடியை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். கூலி கேட்கவில்லை, மேனேஜரின் பஜ்ஜிக் கையிலிருந்து வாங்கப் பிடிக்கவில்லை.

அந்தப் பெண் சிடியையும் போனையும் கலெக்டர் ஆபீசில் இருக்கும் பெண்கள் புகார்க் கமிட்டிக்குக் கொண்டு போனார். விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். சூப்பர்வைசர் போய்விட்டான். எங்கே? சோமனூர்ப் பக்கம் வேறொரு கம்பெனியில், அதே வேலையில். அங்கேயும் ஸ்டோர் ரூம் இருக்கும். அந்தப் பெண் தன் செக்கிங் டேபிளிலேயே இருக்கிறார். யாரும் அவரை வெளியே அனுப்பவில்லை, அனுப்பத் தைரியமில்லை.

கொஞ்ச நாள் கழித்து மேனேஜர் மறுபடி போன் செய்தார்.

"ஏனுங்க, எல்லாச் சிஸ்டத்துலயும் அந்தச் சிடி டிரைவக் கழட்டீருங்க. பஞ்சு அடைக்குதுங்க, அதான்."

"லேடீஸ் கையில இருக்கற போனையும் கழட்டோணுங்களா?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். நான் போகவில்லை. வேறு யாரையோ வைத்துக் கழற்றியிருப்பார். டிரைவ் இருந்த ஓட்டை வழியாக இன்னும் கொஞ்சம் பஞ்சு உள்ளே போகும்.