அண்ணன் காதில் வைத்த பஞ்சு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் முதலில் படத்தைப் பார்ப்பீர்கள். அப்புறம் கடைசிப் பக்கத்துக்குப் போய், நன்றி சொன்ன இடத்தில் உங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுவீர்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான் தேடுவேன். இந்த ஒரு தடவை மட்டும் நடுவில் இருப்பதையும் படித்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஒரு வருஷமாக அழுது அழுகை தீர்ந்துவிட்டது. தீராமல் நிற்பது கோபம். அதை அண்ணன் படத்துக்குக் கீழே எழுதலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "எழுதுங்க. நான் சொன்னா அழுகை வந்துடும். உங்களுக்குத்தான் வாய் இருக்கு" என்றார்கள்.

அண்ணன் பிறந்தது ஜீயபுரத்தில். அப்பாவுக்கு வாழை. ஒரு ஆடிக் காற்றில் தோப்பு முழுக்கச் சாய்ந்த வருஷம் அப்பாவும் சாய்ந்தார். அப்போது அண்ணனுக்கு மீசை கூட முளைக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்து, கைலாசபுரத்தில் பெரிய ஆலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்தார். எனக்கு மன்னார்புரத்தில் வாழ்க்கை அமைத்துக் கொடுத்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். யார் வீட்டில் குழாய் உடைந்தாலும், மோட்டார் மக்கர் பண்ணினாலும் அண்ணனின் ஸ்பேனர் பை வந்து நிற்கும். "கூப்பிட்டா வர்றவனுக்குத்தான் கூப்பாடு அதிகம்" என்று அம்மா சொல்லுவார்கள். இதைப் படிக்கிற பாதிப் பேர் வீட்டுக் குழாயில் அவர் கைரேகை இருக்கும்.

குணத்தை மட்டும் எழுதி நிறுத்தினால் நல்ல தங்கை என்ற பெயர் எனக்குக் கிடைக்கும். அண்ணனுக்கு என்ன கிடைக்கும்? ஆகவே துப்பாக்கி விஷயத்துக்கு வருகிறேன்.

கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குக் கூட்டிப் போனார். திரும்பி வரும் வழியில் அண்ணன் எங்கள் வீட்டில் இறங்கினார். குடிக்கக் கொடுத்த மோர் கையிலேயே இருக்கிறது, கண் வேறெங்கோ இருக்கிறது.

"என்னண்ணே, யாரைச் சுட்டுட்டு வந்தீங்க?"

"போடி. மூச்சை நிறுத்துனா உலகமே நின்னுடுது தங்கச்சி. எதிர்ல ஒரு புள்ளி. அது மட்டும்தான் இருக்கு. பட்டறையில அத்தனை சத்தத்துல நின்னவனுக்கு இப்படி ஒரு அமைதி கிடைக்கும்னு யாரும் சொல்லலையே."

அமைதியைத் தேடித்தான் அந்த மனுஷன் வெடிச்சத்தத்துக்குள் போனார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஆலையில் காதை அடைக்காமல் பட்டறைக்குள் கால் வைக்க முடியாது. ஃபோர்மேன் வாசலிலேயே நிற்பார். இயர் பிளக் இல்லையென்றால், "வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தாலாட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாராம். ஆக, வேலைக்குக் காதை மூடியவர் ஆசைக்குக் காதைத் திறந்துவிட்டார். ஏன் தெரியுமா? சங்கத்தில் ஒரு பழக்கம் இருந்தது. இருந்தது என்ன, இன்னும் இருக்கிறது.

சுடும் இடம் தகரக் கொட்டகை. நுழைகிற இடத்து மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா, அதற்குள் பஞ்சு. புதிதாக வந்தவர்கள் ஒரு கிள்ளு எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். பஞ்சு வெடிச்சத்தத்தைத் தடுக்காது. கொசுவலையைக் கட்டி வெள்ளத்தை நிறுத்துகிற கதைதான். அதாவது பரவாயில்லை. நன்றாகச் சுடப் பழகிவிட்டால் அந்தப் பஞ்சையும் எடுத்துவிடுவார்கள்! அதற்கு ஒரு நாள் குறித்து, 'பஞ்சு எடுப்பு' என்று பெயரும் வைத்து, சங்கத்துச் செயலாளரே எல்லார் முன்னாலும் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிப் போட, சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள். அதன் பிறகு அந்த ஆள் பெரிய ஆள். வெறுங்காதோடுதான் சுட வேண்டும். காதை மூடினால் கத்துக்குட்டி.

அண்ணனுக்குப் பஞ்சு எடுத்த அன்று எங்கள் வீட்டுக்கு லட்டு வந்தது. நானும் தின்றேன். எதற்கு லட்டு என்று தெரிந்திருந்தால் டப்பாவோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

பிறகு ஒரு போட்டி நாளில், இவருக்கு இடது பக்கம் நின்றவர் பெரிய தோட்டா போடும் ரைஃபிளால் சுட்டார். தகரக் கூரை சத்தத்தை வெளியே விடாமல் திருப்பி அடித்தது. அன்று சாயங்காலம் என் சமையலறையில் உட்கார்ந்திருந்த அண்ணன், "குக்கர் விசில் வரப்போகுது, அடுப்பை அணை" என்றார்.

"அடுப்பே பத்த வைக்கலையேண்ணே."

அவர் அடுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது காதை உள்ளங்கையால் பொத்தினார். பொத்தியும் சத்தம் நிற்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குக்கர் விசிலுக்கு முன்னால் சீறுமே, அந்தச் சீறல். அது அவர் கண் மூடும்வரை நிற்கவேயில்லை.

உறவுக்காரர்களே, அப்போது நீங்கள் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பூண்டைக் காய்ச்சி எண்ணெய் விடு என்றீர்கள். விட்டார், காது புண்ணானதுதான் மிச்சம். கண் திருஷ்டி என்றீர்கள். "எனக்குக் கேக்கலையே, உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்குது?" என்று வக்கீல் மாதிரி மடக்கினீர்கள். கல்யாண வீட்டில் மேளம் கொட்டும்போது அவர் எழுந்து வெளியே போனால், "துப்பாக்கிக்காரர் மேளத்துக்குப் பயப்படுறாரு" என்று சிரித்தீர்கள். மெதுவாகப் பேசினால் அவருக்குப் புரியாது, கத்திப் பேசினால் வலிக்கும். அதற்கு, "அவருக்கு வேண்டியது மட்டும் கேக்கும்" என்று பட்டம் கட்டினீர்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இது தலைவலி மாதிரி மாத்திரை போட்டு முடிகிற சங்கதி இல்லை. அடுத்தவருக்குக் கேட்காத சத்தத்துக்குச் சாட்சி யார்?

கடைசியில் ஒரு காது டாக்டர்தான், "உங்களுக்குக் கேக்கிறது நிஜம்" என்றார். அந்த வார்த்தைக்கே அண்ணன் கண் கலங்கிவிட்டது. "போன காது போனதுதான். இந்த இரைச்சலை முழுசா நிறுத்த என்கிட்ட மருந்து இல்லை. இதோட வாழப் பழகிக்கலாம், நிறைய பேர் பழகியிருக்காங்க. ஆனா இருக்கிற செவியைக் காப்பாத்துங்க" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று கண்ணுக்கு ஒரு பழமொழி இருக்கிறது. காது கெட்ட பிறகு என்ன என்று நம் பெரியவர்கள் சொல்லிவைக்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்றார்கள். செவிடன் காதே சங்காக ஊதும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் பழகினார். நிசப்தமாக இருந்தால் சீறல் பெரிதாகும். ஆகையால் தூங்கும்போது மார்கழியிலும் மேசை விசிறி ஓடும், அண்ணி இரண்டு போர்வை போர்த்திக்கொள்வார்கள். ரேடியோ வார்த்தை புரியாத அளவுக்கு மெலிசாகப் பாடிக்கொண்டிருக்கும். காது மிஷின் போட வெட்கப்பட்டார். போட்ட பிறகு, "தங்கச்சி, நீ இவ்வளவு பேசுவியா?" என்று கேட்டு என்னைக் கேலி செய்தார். முக்கொம்பில் ஷட்டர் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் சைக்கிளை எடுத்துவிடுவார். தண்ணீர் விழுகிற இடத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "காவேரி என் காதைவிடச் சத்தமா பேசுது. இங்க மட்டும்தான் அவன் வாயை மூடுறான்" என்பார். காதில் இருப்பவனை 'அவன்' என்றுதான் சொல்லுவார்.

துப்பாக்கியை விட்டாரா என்றால், விடவில்லை. நான் சண்டை போட்டேன். "கால் சுளுக்கினவன் நடக்கிறதை விடுவானா? செருப்பைப் பார்த்துப் போடுவான்" என்றார். உள்ளே இயர் பிளக், அதற்கு மேல் இயர் மஃப், இரண்டும் போட்டுக்கொண்டுதான் கொட்டகைக்குள் நுழைவார். பக்கத்து ஆள் சுடும்போது கூடக் கழற்ற மாட்டார். வலது தோளில் துப்பாக்கி வைப்பவருக்கு இடது காதுதான் குழாய் முனைக்கு நேராக இருக்கும், அதுதான் முதலில் கெடும் என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னார்.

சங்கத்தில் என்ன மரியாதை கிடைத்தது? "அண்ணே, ஹெட்போன்ல என்ன பாட்டு?" "பஞ்சு எடுத்தவருக்கு மறுபடி பஞ்சா? திரும்பப் பொறந்துட்டீங்களா?" செயலாளர் மட்டும் கொஞ்சம் நாகரிகமாக, "காதை மூடினா 'சுடு', 'நிறுத்து'ன்னு நான் சொல்றது எப்படிங்க கேக்கும்?" என்றார். அண்ணன் மறு வாரமே ஒரு சிவப்புக் கொடியும் ஒரு பச்சைக் கொடியும் தைத்துக்கொண்டு போனார். தைத்தது நான். "ரயிலே கொடியைப் பார்த்து நிக்குது. நம்ம நிக்க மாட்டோமா?" என்று கேட்டாராம். அந்தக் கொடியால் இப்போது மேசை துடைக்கிறார்கள். என் கண்ணால் பார்த்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் பெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மிஷின் கீச் கீச் என்று கத்திக்கொண்டே இருந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டார். "தங்கச்சி, ஒண்ணு கேக்கிறேன். எனக்கு ஆச்சுன்னா வேட்டு போட விடாத. அவன் போதும் எனக்கு. அமைதியா அனுப்பு."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அவ்வளவுதான் கேட்டார், ஆயுசு முழுக்க யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன்.

அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். மூக்கிலும் காதிலும் பஞ்சு வைத்தார்கள். அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. பிடுங்கிய பஞ்சைத் திருப்பி வைக்க இந்த நாள்தான் கிடைத்ததா? நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தெருவில் முதல் வேட்டு வெடித்தது.

ஓடினேன். அண்ணியின் தம்பி, கையில் ஊதுபத்தி, தரையில் தெரு நீளத்துக்குச் சரவெடி.

"யாருடா வைக்கச் சொன்னது?"

"அக்கா, என்னக்கா நீங்க? துப்பாக்கி புடிச்ச மனுசன். வேட்டு இல்லாம எடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரு சொல்றது இருக்கட்டும். அவரு சொன்னதை நான் சொல்றேன், உனக்குக் கேக்குதா இல்லையா?"

"பாசத்துலதான்க்கா…"

"பாசத்தை ஊதுபத்தியோட அணைச்சிட்டு உள்ள வா."

அவர் அணைப்பதற்குள் பின்னால் நின்ற யாரோ இன்னொரு முனையைப் பற்றவைத்தார். வாசலில் கால் கழுவ வைத்திருந்த குடத்தைத் தூக்கி அப்படியே சரவெடி மேல் ஊற்றினேன். பாதி நனைந்தது, பாதி வெடித்தது. சாவு வீட்டில் பொம்பளை இப்படிச் செய்யலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். செய்யலாம் ஐயா. இன்னொரு குடம் இருந்தால் அதையும் ஊற்றியிருப்பேன்.

வேட்டு வைத்த தம்பிக்கு அன்றிலிருந்து சில நாள் காதில் கொய்ங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "அக்கா, மாமாவுக்கு இப்படித்தான் இருந்துச்சா?" என்று முகம் வெளுத்துப்போய் வந்து கேட்டார். ஆமாம், ஆயுசுக்கும் என்றேன். அழுதார். அவருக்கு அது போய்விட்டது, கடவுள் புண்ணியம். போனதும் மறந்தும் போய்விட்டது. போன மாதம் வந்து, "தலைத்திவசத்துக்கு வாணவேடிக்கை சொல்லிடவா?" என்று கேட்கிறார்! தம்பி, இது உங்களுக்காக எழுதிய பத்தி. வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொடி விஷயம். சங்கத்தில் அண்ணன் படத்தை மாட்டி, அவர் பெயரில் ஒரு போட்டி நடத்தப்போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணியும் நானும் சட்டம் போட்ட படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனோம். மேசையில் அதே பிஸ்கட் டப்பா. அதே பஞ்சு. பச்சைக் கொடியால் ஒருவர் மேசையைத் துடைக்கிறார். உள்ளே யாருக்கோ பஞ்சு எடுத்துக் கை தட்டுகிறார்கள்.

"இன்னுமாங்க இதைச் செய்றீங்க?" என்று கேட்டேன்.

செயலாளர் சிரித்தார். "ஒரு தமாஷும்மா. பழக்கம். அதை விட்டா என்ன இருக்கு சங்கத்துல?"

"எங்க அண்ணன் காது இருந்துச்சு" என்றேன். படத்தை வாங்கக் கையை நீட்டினார். அண்ணி கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாத அண்ணி, துணியை மறுபடி சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார்கள். நான் பேசிய எல்லாவற்றையும்விட அது பெரிய பேச்சு.

முறைப்படி நன்றி சொல்ல வேண்டும். "நிஜம்" என்ற ஒரு வார்த்தை சொன்ன டாக்டருக்கு நன்றி. முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசி அண்ணனை மனுஷனாக நடத்திய கைலாசபுரத்து நண்பர்களுக்கு நன்றி. கேட்டதும் பறையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அடிக்காமலே கூட நடந்து வந்த கலைஞர்களுக்கு இந்தக் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இரண்டு போர்வைக்குள் குளிரைத் தாங்கிய அண்ணிக்கு நன்றி சொன்னால் அடிப்பார்கள், ஆகவே சொல்லவில்லை.

இந்த மலரோடு ஒரு சின்ன உறையில் ஒரு ஜோடி இயர் பிளக் இருக்கும். மிட்டாய் என்று பிள்ளைகள் வாயில் போட்டுவிடப் போகிறார்கள், பத்திரம். விரலால் மெல்லிசாக உருட்டுங்கள். மறுகையால் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே வையுங்கள். அது உப்பி அடைக்கும்வரை விரலை எடுக்காதீர்கள். சுடப் போகிறவர் அதற்கு மேல் மஃபும் போடட்டும். நினைவு மலரில் எழுதுகிற விஷயமா இது என்று கேட்பவர்கள் தாராளமாக என்னிடம் வந்து கேட்கலாம். காது கொடுத்துக் கேட்பேன், எனக்கு அது இருக்கிறது.

செயலாளர் ஐயா, உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். படம் எங்கள் வீட்டில் சுவரில் சாய்ந்தபடி நிற்கிறது. அண்ணி இன்னும் மாட்டவில்லை. அந்த டப்பாவைக் காலி செய்து, கொடியைத் துவைத்துக் கம்பத்தில் கட்டிய அன்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறோம். ஆணியை நானே அடிக்கிறேன். அது தகரக் கொட்டகை, நான் அடிக்கும்போது எல்லாரும் காதை மூடிக்கொள்ளுங்கள்.