வடக்குப்பட்டில் ஒரு குடித்தனம்

உளவு என்றால் கறுப்புக் கண்ணாடியும் கைத்துப்பாக்கியும் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். நான் உளவு பார்த்த காலத்தில் என் கையில் இருந்தது சாம்பார் கரண்டி. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்திருந்தேன். உண்மையில் நான் போலீஸ். வடக்குப்பட்டில் ஒரு வாடகை வீட்டில் எனக்குப் புருஷனாகக் குடியிருந்தவரும் போலீஸ்தான். என்னைவிடப் பத்து வயது மூத்த ஏட்டு. அவர் கோவில்பட்டிப் பக்கம், நான் சேலத்துக்காரி. இந்த வட்டாரத்தில் எங்கள் இரண்டு பேர் முகமும் யாருக்கும் தெரியாது, அதனால்தான் எங்களைப் பிடித்துப் போட்டார்கள். திறமையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நானும் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போகும் இரும்புத் துருவல், செம்புக் கம்பி, அட்டைப்பெட்டி, மரப்பலகை எல்லாவற்றுக்கும் இங்கே ஸ்கிராப் என்று ஒரே பெயர். அதை யார் எடுப்பது என்பதைக் கம்பெனி முடிவு செய்வதில்லை. ஒரு பெரிய மனிதர் முடிவு செய்வார். அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லாததால் 'தலைவர்' என்றார்கள். வேறு யாராவது டெண்டர் போட்டால் முதலில் லாரிக் கண்ணாடி உடையும், அப்புறம் கை உடையும். ஒரு வியாபாரியின் உயிரே போயிருந்தது. பார்த்தவர்கள் பலர், சொல்ல வந்தவர் ஒருவரும் இல்லை. அந்தச் சாட்சியைத் தேடித்தான் எங்களை அனுப்பினார்கள். ஏட்டு, தலைவரின் ஸ்கிராப் குடோனில் லாரி டிரைவரானார். கம்பெனிக்குள் எந்த லாரி வருகிறது, யார் மிரட்டப்படுகிறார்கள் என்று கேன்டீனில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது என் வேலை.

எங்களை அனுப்பிய அதிகாரி ஒருவருக்குத்தான் எங்களைப் பற்றித் தெரியும். "எழுத்தில் எதுவும் வேண்டாம், கசிந்துவிடும்" என்றார். குடும்பத்துக்கும் சொல்லக்கூடாது. ஏட்டுக்கு ஊரில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். வெளியூர் டூட்டி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் போய், இரைச்சலுக்கு நடுவில் அவர்களோடு போனில் பேசிவிட்டு வருவார். திரும்பும்போது கண் சிவந்திருக்கும். தலைவர் மாட்டுவது, பதக்கம் வாங்குவது எல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முழு உடம்போடு வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கவரிங் கடையில் தாலி வாங்கி நானே கட்டிக்கொண்டேன். வெளியே 'ஏங்க' என்பேன், கதவைச் சாத்தியதும் 'ஏட்டய்யா'. அவர் வெளியே 'ஏ புள்ள' என்பார், உள்ளே 'தாயி'. அவர் சமையற்கட்டில் பாய் விரித்துப் படுப்பார், நான் முன்னறையில். சமையல் அவருடையது, ஊருக்கே ஆக்கிப் போட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் கரண்டியா என்பார். வீட்டுக்காரம்மாவுக்கு எங்களைப் பார்த்தால் ஆசை தாங்காது. நிலத்தை விற்று வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தவர், பொழுது போகாதவர். "இன்னாம்மா, இவ்ளோ அந்நியோன்யமா கீறீங்க, இன்னும் ஒரு விசேஷமும் காணோமே?" என்று வாசலில் நின்று கேட்பார். ஏட்டு துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடிவிடுவார். நாங்கள் சிரித்ததெல்லாம் அந்த மாதிரி நேரங்களில்தான்.

ஆயுத பூஜைக்கு, வேலை செய்கிறவர்களைக் குடும்பத்தோடு வரச் சொல்வது தலைவரின் வழக்கம். லாரிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, கொட்டகை போட்டுச் சாப்பாடு. ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மற்றப் பெண்களோடு பரிமாற நின்றேன். அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. பக்கத்து ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஒருவர் முழுச் சீருடையில் இறங்கினார்.

அந்தக் குடோனில் போலீசுக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. இன்ஸ்பெக்டர்தான் தலைவரைப் பார்த்துக் கும்பிட வேண்டும், அதற்குத்தான் வந்திருந்தார். நாற்காலியில் இருந்தவர்கள் பல்குத்திக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள். ஏட்டு மட்டும் எழுந்துவிட்டார். சும்மா எழவில்லை. குதிகால் இரண்டும் ஒட்டி, நெஞ்சு நிமிர்ந்து, கைகள் தொடையோடு ஒட்டி, விரல்கள் மடங்கி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எங்கள் தொட்டில் பயிற்சிப் பள்ளி மைதானம். எனக்கும் உடம்பு விறைத்தது. இரண்டு கையிலும் சாம்பார் வாளி இருந்ததால் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

ஏட்டு சட்டென்று குனிந்து லுங்கியைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்தார். தலைவர் சிரித்தார். "உக்காருப்பா. நம்மாளுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, அவர் ஏட்டின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியில் திரும்பும்போது ஏட்டு, "மாட்டிக்கிட்டேன் தாயி. காலு சொன்ன பேச்சு கேக்கல" என்றார். அன்றிரவே அதிகாரிக்குப் போன் போட்டு, அவரையாவது உடனே ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சினேன். "இப்போது ஓடினால் சந்தேகம் உறுதியாகிவிடும். அடுத்த டெண்டர் முடியட்டும்" என்றார். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பொறுமை நிறைய வரும். அந்த வாரம் முழுக்கக் குடோனில் ஏட்டை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முன்னைவிட மரியாதையாக நடத்தினார்கள். கிடாவுக்கு மாலை போட்ட மாதிரி இருக்கிறது என்று அவரே சொன்னார்.

ஒரு நாள் காலையில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் டீ குடிக்கக் குறுக்கே நடந்தவரை ஒரு லாரி அடித்துவிட்டுப் போனது. நம்பர் பிளேட்டில் சேறு பூசியிருந்ததாம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் வந்து, "உன் வூட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட்டாம்மா, கெளம்பு" என்றார். ஆஸ்பத்திரியில் முகத்தை மூடியிருந்தார்கள். பக்கத்தில் அதே இன்ஸ்பெக்டர்.

"நீதான் சம்சாரமா?" என்று கேட்டார்.

சுற்றிலும் தலைவரின் ஆட்கள் நின்றார்கள். "ஆமாங்கய்யா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? போலீஸ் என்று சொல்லியிருந்தால் அடுத்த லாரி எனக்கு. அழுகை மட்டும் நடிப்பில்லை, அது தானாகவே வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது. ஏட்டு யார் என்பது இன்ஸ்பெக்டருக்கும் தலைவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அன்று மாலையே கோவில்பட்டிக்குத் தகவல் போய்விட்டது: உங்கள் புருஷன் விபத்தில் இறந்துவிட்டார், இங்கே ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார், அவளே ஒத்துக்கொண்டாள். நான் அதிகாரியிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அப்படி ஒரு ஏற்பாடே இல்லையேம்மா. அவர் மெடிக்கல் லீவில் இருந்தவர்" என்றார். உண்மையை ஒத்துக்கொண்டால் ஒரு இன்ஸ்பெக்டர் தலைவரைக் கும்பிட்டதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வீடு வைத்திருந்த ஏட்டு என்றால் தலைவருக்கு வசதி, இன்ஸ்பெக்டருக்கு வசதி, எங்கள் துறைக்கும் வசதி. செத்தவருக்கு மட்டும்தான் அதில் வசதியில்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தேன். என்னை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். தலைவர் இன்றும் ஸ்கிராப் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மாற்றல் உத்தரவு வந்து நான் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த காலையில், ஏட்டின் மனைவி வந்தார். மெலிந்த உருவம், நெற்றியில் ஒன்றுமில்லை. "அவுக சாமானை எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா, வந்திருப்பது அக்காவோ தங்கையோ என்று நினைத்து, நல்ல மனதோடு வாயைத் திறந்தார். "தங்கமான மனுசன்மா. பொண்டாட்டிய ஒரு வார்த்த அதட்டி பேசி நா பாத்ததில்ல. அவரே ஆக்கி, அவரே ஊட்டாத கொறதான்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நான் அந்த அம்மாளைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்து, "நீயும் போலீசா? ஒரே எடத்துல வேலையா?" என்றார். அதுவரை புரியாமல் இருந்த ஏதோ ஒன்று இப்போது புரிந்துவிட்டதைப்போல் தலையசைத்தார். தாலியைக் கழற்றி, இது கவரிங் அக்கா, கடையில் வாங்கியது என்றேன். "பொன்னுல வாங்க அவுகட்ட ஏது துட்டு?" என்றார். ஏட்டு படுத்த சமையற்கட்டைக் காட்டினேன். வாணலியையும் சுருட்டி வைத்த பாயையும் பார்த்துவிட்டு, எங்க வீட்டுல ஒருநாளும் அடுப்படிக்கு வந்ததில்ல என்றார். நான் எதைச் சொன்னாலும் அது அவர் தலையில் இன்னொரு கல்லாக விழுந்தது.

கடைசியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, நம்புங்கக்கா. சாமி சத்தியமா நாங்க ரெண்டு பேரும் டூட்டிலதான் இருந்தோம்" என்றேன்.

அவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, ஏட்டின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார்.

"ஆமா தாயி" என்றார். "அவுகளும் டூட்டின்னுதான் சொன்னாக."