பூவம்மாள் களத்தில் நின்ற குழாய்

ஜெயபாரதி என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு குறுவை நடவின்போது. பஞ்சநதம் சைக்கிளை வரப்பில் சாய்த்துவிட்டு, "பொண்ணு பொறந்திருக்கு, ஜெயபாரதின்னு வெச்சாச்சு" என்று சத்தம் போட்டார். அவர் என் சித்தப்பா மகள் பூவம்மாளின் வீட்டுக்காரர். அந்த முறையில் நான் அந்தப் பெண்ணுக்குப் பெரியம்மா. "பேரக் கூப்புட்டு முடிக்கறதுக்குள்ள புள்ள வயசுக்கு வந்துடும்" என்று கேலி செய்தேன். நடவுக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள்.

குடவாசலில் பள்ளிக்கூடம், தஞ்சாவூரில் கல்லூரி, அப்புறம் வெளியூரில் ஆராய்ச்சி என்று எங்கள் வகையறாவில் யாரும் படிக்காத படிப்பெல்லாம் அவள் படித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், தை அறுவடை முடிந்த கையோடு, ஒரு பெட்டியையும் ஆள் உயரக் குழாயையும் லாரியில் ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தாள். களத்து ஓரத்தில் சிமெண்டுத் தரை போட்டு, குழாயை நட்டக்குத்தாக நிறுத்தினாள். அதன் அடியில் அகலமான ஒரு கண்ணாடி. இருட்டியதும் பெட்டியிலிருந்து மஞ்சள் வெளிச்சம் ஒன்று நூல் பிடித்த மாதிரி மேலே போகும்.

"என்னடி இது?" என்று கேட்டேன்.

"எரிநட்சத்திரம் விழுதுல்ல பெரியம்மா? அந்தத் தூசி எரியறப்ப, அதுல இருக்கற இரும்பு, சோடியம் எல்லாம் அணு அணுவாப் பிரிஞ்சு மேலயே தங்கிடுது. தொண்ணூறு கிலோமீட்டர் ஒசரத்துல ஒரு படலம் மாதிரி. இந்த வெளிச்சம் போய்ச் சோடியத்தத் தொட்டா அது மினுங்கும். அந்த மினுக்கத்தத்தான் கண்ணாடி புடிக்குது."

"சோடியம்னா?"

"நம்ம உப்புல ஒரு பங்கு அதுதான்."

"வேதாரண்யத்துல அம்பாரம் அம்பாரமாக் கெடக்கு. அத விட்டுட்டு ஆகாசத்துல போயித் துழாவுறியே!"

விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம ஊருக்கு மேல இருக்கறத மொத்தமா வழிச்சாலும் உங்க ரசத்துக்குக் காணாது பெரியம்மா."

அந்தப் படலம் மாசத்துக்கு மாசம் தடிக்குமாம், மெலியுமாம். ஒரு வருஷம் முழுசாகப் பார்த்தால்தான் டாக்டர் பட்டம். கருவியும் ஒரு வருஷத்துக்குத்தான் இரவல். "அடுத்த தை வரைக்கும் இது நின்னாப் போதும்" என்றாள். ஆக, எனக்கு எல்லாம் தெரியும். இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆனியில் பூவம்மாள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினாள். பங்காளி வீட்டு மூத்தவளை வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து அழைப்பதுதான் எங்களில் முறை. எனக்கு போனில் அழைப்புப் பத்திரிகையின் படம் வந்தது. அவ்வளவுதான். நான் போகவில்லை. அந்த எரிச்சல் உள்ளேயே கிடந்தது.

ஆவணியில் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் எங்கள் தெரு வீரையன் கேட்டான். "அக்கா, களத்துல குழாய் வெச்சிருக்கறது உங்க தங்கச்சி மவதானே? மீத்தேன் எடுக்க வேவு பாக்குதா?" மண்ணைத் துளைத்து எரிவாயு எடுத்தால் நிலம் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் பல வருஷமாகவே பயம். அளவெடுக்க வந்த வண்டிகளை ரோட்டில் உட்கார்ந்து மறித்த ஊர் இது. அது மேலே பார்க்கிற கருவி என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"எனக்கென்ன தெரியும்? எங்களயெல்லாம் மதிச்சுச் சொல்றாங்களா? பாத்தா போர் போடற குழாயாட்டந்தான் இருக்கு" என்றேன்.

மறுநாள் காலையில் நாற்பது பேர் களத்தில் நின்றார்கள். நானும் போய் வைக்கோல் போர் ஓரமாக நின்றேன்.

"கீழ ஒண்ணும் இல்லீங்க மாமா, இது ஆகாசத்தப் பாக்கறது" என்று ஜெயபாரதி கெஞ்சினாள்.

"இல்லன்னா தூக்கிக் காட்டும்மா" என்றான் வீரையன்.

"அசைக்கக் கூடாதுங்க, உள்ள கண்ணாடி இருக்கு." சுற்றிலும் பார்த்தவள் என்னைக் கண்டுகொண்டாள். "பெரியம்மா, உங்ககிட்ட எல்லாம் சொன்னேன்ல? நீங்க சொல்லுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

நாலு ஆண்கள் அடியில் துளை இருக்கிறதா என்று பார்க்கக் குழாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்கள். கண்ணாடி வழுக்கி விழுந்து மூன்றாக உடைந்தது. அடியில் சிமெண்டுத் தரையும் ஒரு செத்த பல்லியும்தான் இருந்தன. "ஒண்ணும் இல்லியேப்பா" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

வேறு கண்ணாடி வாங்கித் தருகிறோம் என்று ஊரே முன்வந்தது. அதைச் செய்து வரவழைக்க எட்டு மாசம் ஆகும் என்றாள் ஜெயபாரதி. அதற்குள் தை வந்துவிட்டது. இரவல் கொடுத்தவர்கள் பெட்டியை எடுத்துப்போனார்கள். பாதி வருஷக் கணக்குக்குப் பட்டம் கிடையாதாம்.

பெட்டியை எடுத்துப்போன அந்த வாரமே நான் பூவம்மாள் வீட்டுக்குப் போனேன். அவள் வயலுக்குப் போயிருந்தாள், ஜெயபாரதி மட்டும் இருந்தாள். "அன்னைக்கு ரேஷன் கடையில நான்தான்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் பெரியம்மா. வீரையன் மாமா மறுநாளே வந்து அழுதுட்டுச் சொல்லிட்டாரு. காப்பியா, டீயா?"

டீ என்றேன். கொண்டுவந்தாள், குடித்தேன். ஏன் என்று கேட்டிருந்தால் பத்திரிகைப் படத்தைச் சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. சொல்கிற அளவுக்கு அது பெரிய காரணமும் இல்லை.

ஜெயபாரதி இப்போது கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறாள். அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், காலையில் ஏழே கால் பஸ்ஸில் போகிறாள்.