மாட்டுக்குப் போன தவிடு

எனக்கு எண்பத்திரண்டு வயது. வளர்த்து ஆளாக்கியது ஏழு பேரை. ஏழு பேருக்கும் கல்யாணம் பண்ணிப் பார்த்துவிட்டேன். ஆனால் பெற்றது எட்டு. அந்த ஒன்றைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவள்தான் எனக்கு முதல் பிள்ளை.

நாளைக்கு என் வீட்டுக்காரருக்குத் திவசம். ஹாலில் அவர் படத்துக்கு இப்போதே மாலை போட்டாகிவிட்டது. நாளை இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்ததும் என் மூத்த மகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆட்டுக் கதையைச் சொல்வான். அவன் என் வயிற்றில் இருந்தபோது அப்பா முனியாண்டிக்குக் கறுப்பு ஆடு வெட்டினாராம், அதனால்தான் அவன் பிழைத்தானாம். வருஷா வருஷம் சொல்கிறான். வருஷா வருஷம் நானும் வாயை மூடிக்கொண்டு பாயசம் ஊற்றிக்கொண்டு போகிறேன். இந்த வருஷம் என்னால் முடியாது. பேச ஆரம்பித்தால் கோபத்தில் மூச்சு வாங்கும். பிரஷர் ஏறிவிட்டது என்று மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்து நான் கற்றது என் கடைசிப் பையனின் பள்ளிக்கூடப் புத்தகத்தைப் பார்த்து. மெதுவாகத்தான் வரும். வரட்டும்.

மலாயாவில் பெக்கோக்கிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். ரப்பர் விலை ஏறிக் கிடந்த காலம். அவர் பால் வெட்டுகிறவர், கல்யாணமாகி வந்து நானும் கூடவே வெட்டினேன். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும், ஒரே சோறுதான். தோட்டத்தில் அளந்து கொடுத்த ரங்கூன் புழுங்கல் அரிசி. பருத்து, மங்கலாய் இருக்கும். வேகும்போது ஒரு வாடை அடிக்கும். அதோடு பருப்பு, லயத்துக்குப் பின்னால் நின்ற முருங்கையில் ஒடித்த கீரை, கருவாடு. நன்றாகத்தான் இருந்தோம்.

அவரைக் கூலி ஆட்களுக்கு மேல் கங்காணி ஆக்கினார்கள். கோட்டு ஒன்று வாங்கினார், தலைப்பாகை கட்டினார், கைத்தடி ஒன்று பிடித்தார். அதெல்லாம் சரி. முதல் சம்பளத்தில் கடைத்தெருவுக்குப் போய்ச் சீனத் தவுக்கேயின் மளிகைக் கடையில் ஒரு மூட்டை சியாம் வெள்ளை அரிசி வாங்கினார். மாட்டு வண்டி லயத்து முன்னால் நின்றது. நேராக வீட்டுக்குப் பின்பக்கம் இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. பட்டப்பகலில், எல்லோரும் வேலை முடிந்து குளித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், மூட்டையை ஓர் ஆள் தலையில் ஏற்றி லயம் நெடுக நடக்க வைத்தார்.

"இனிமே கூலி அரிசி நம்ம வாசப்படி ஏறக் கூடாது" என்றார்.

என் மாமியாருக்கு வாயெல்லாம் பல். "மல்லிப்பூ மாதிரி இருக்குடா. ஆபீசு கிராணி வீட்டுல இதத்தான் திங்கிறாங்க" என்று கையில் அள்ளி அள்ளிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெள்ளைச் சோறு. பூப்போல வடிக்க வேண்டும் என்று அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவச் சொல்வாள். கழுவிய தண்ணீர் மாட்டுக்கு. வடித்த கஞ்சி மாட்டுக்கு. கங்காணி ஆனதும் ஒரு பசுவும் வாங்கியிருந்தார். அதற்காக அதே தவுக்கே கடையிலிருந்து தவிடும் வரும். பால் துரை பங்களாவுக்குப் போகும். இப்போது நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. அந்த வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டது அந்த மாடு ஒன்றுதான்.

அதே அரிசியைத் தின்ற அவருக்கும் மாமியாருக்கும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று கேட்பீர்கள். அவர்கள் பருப்பு தின்றார்கள், கறி தின்றார்கள், மீன் தின்றார்கள். நான் கடைசியில் சாப்பிடுகிறவள். சட்டியில் சோறு இருக்கும், குழம்பு இருக்காது.

அப்படியிருக்கும்போதுதான் என் மகள் பிறந்தாள். கொழுகொழுவென்று, தலை நிறைய முடி. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று மாமியார் என் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். பருப்பு வாயு. கீரை குளிர்ச்சி. பயறு ஆகாது. பழம் சளி. வெள்ளைச் சோறும், பூண்டும், மிளகும், சுட்ட கருவாட்டில் ஒரு துண்டும். இது நம் வழக்கம்தான், லயத்தில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் அவர்கள் புழுங்கல் சோற்றில் பத்தியம் இருந்தார்கள். நான் வெறும் வெள்ளைச் சோற்றில் இருந்தேன். அந்த வித்தியாசம் அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

இரண்டாம் மாதம் முடியும்போது பிள்ளை பாலைக் கக்க ஆரம்பித்தது. "நீ கண்டதத் தின்னுருக்க" என்று மாமியார் கருவாட்டை நிறுத்தினாள். மறுபடியும் கக்கியது. பூண்டை நிறுத்தினாள். பிள்ளை ஒவ்வொரு முறை கக்கும்போதும் என் தட்டிலிருந்து ஒன்று போயிற்று. கடைசியில் சோறும் மிளகுத் தண்ணீரும்தான் மிச்சம். நானும் குழந்தைக்காகத்தானே என்று முழுங்கினேன்.

அப்புறம் அவள் குரல் போயிற்று. இதை எப்படி எழுதுவது? வாயைத் திறந்து அழுகிறாள். முகம் சிவக்கிறது, கை கால் உதறுகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. சத்தம் மட்டும் இல்லை. காற்றுதான் வருகிறது. நான் அடுப்படியில் இருந்தால் அவள் அழுவது எனக்குக் கேட்காது. அதனால் தூக்கிக்கொண்டேதான் இருந்தேன். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே மருந்து கொடுக்கிற டிரஸ்ஸரைக் கூட்டிவந்தார். டிரஸ்ஸர் பார்த்தார், என்னை இரண்டு கேள்வி கேட்டார், அவரை வாசலுக்குக் கூட்டிப்போய் ஏதோ பேசினார். உள்ளே வந்தவரிடம், "என்னாங்க சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. மாந்தமாம். சரியாயிடும்."

மறுநாள் மத்தியானம் என் மடியிலேயே போய்விட்டாள்.

மாமியார் என்ன சொன்னாள் தெரியுமா? துக்கத்துக்கு வந்த பொம்பளைகள் காதுபட, "இவ பாலு நஞ்சு. என் பேத்திய இவ பாலே கொன்னுடுச்சு" என்றாள். நான் அதை நம்பினேன். ஒரு வருஷம் முழுக்க நம்பினேன். என் மாரைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுபடி உண்டானேன். நாலாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் பால் வெட்டுகிற அக்கா ஒருத்தி உப்பு வாங்க வந்தவள் அலறினாள்.

"ஐயோ, ஏ புள்ள, காலு வேகுதுடி! ஒனக்கு ஒறைக்கலயா?"

உறைக்கவில்லை. கால் வீங்கி இருந்தது, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்த அக்காதான் என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டிரஸ்ஸர் காலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் அதே வெள்ளை அரிசிதானாம்மா?"

"ஆமாங்கய்யா. அதுக்கென்னா?"

அவர் கையிலிருந்த மருந்துக் குப்பியைக் கீழே வைத்தார். "போன தடவையே உன் புருசன்கிட்ட சொன்னேனே. இது பெரிபெரி. மிஷின்ல தீட்டித் தீட்டி அரிசியில இருக்கிற சத்தெல்லாம் தவிட்டோட போயிடுது. புழுங்கல்ல நெல்ல அவிக்கிறதால சத்து உள்ள தங்கிடும். உனக்கே சத்து இல்ல, பால்ல எங்கேர்ந்து வரும்? அரிசிய மாத்து, பயறு குடுன்னு அன்னைக்கே வாசல்ல நின்னு சொன்னேன். அவர் சொல்லலியா?"

கூட வந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தேன். வீங்கிய காலோடு அவ்வளவு வேகமாக எப்படி நடந்து வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி எடுத்த கணக்கை முடித்து வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"டிரஸ்ஸர் ஒங்ககிட்ட சொன்னாரா, இல்லையா?"

"என்னத்த?"

"பாப்பா அரிசியாலதான் சாகுதுன்னு. சொன்னாரா, இல்லையா?"

"அந்த ஆளு சொல்றதெல்லாம் வேதமா? அரிசி தின்னு எவனாச்சும் செத்துருக்கானா?"

"சொன்னாரா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொன்னான். கூலி அரிசி போடச் சொன்னான். ஊரு பார்க்க வெள்ளை அரிசி எறக்கிட்டு, மறுபடி நான் சாக்கத் தூக்கிட்டு போயி அவனுங்ககூட வரிசையில நிக்கணுமா? நாளைக்குப் பெரட்டுல ஒருத்தன் என்னை மதிப்பானா? சிரிப்பானுங்க."

"பெரட்டுல ஒங்களப் பாத்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு என் புள்ள அழக்கூட முடியாம செத்துச்சா?"

கையை ஓங்கினார். அடிக்கவில்லை. வயிற்றைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். நான் இடத்தை விட்டு நகரவில்லை.

அன்றைக்கே மூன்று கல்லை வைத்துப் பின்வாசலில் தனி அடுப்பு மூட்டினேன். காலையில் மாட்டைக் கறப்பவள் நான். பங்களாவுக்குப் போகும் முன்பு ஒரு செம்புப் பாலை அந்த அக்காவுக்குக் கொடுத்துவிட்டு அவளிடமிருந்து புழுங்கல் அரிசி வாங்கினேன்.

"கங்காணியம்மாவுக்குக் கூலி அரிசி எறங்குமா?" என்று சிரித்தாள். "அந்த மல்லிப்பூ அரிசிய எனக்குக் குடேன்டி, ஒரு நாள் நானும் கங்காணியம்மாவா இருந்து பாக்குறேன்."

"பாலக் குடி, அக்கா. அந்த அரிசிய என் எதிரிக்குக்கூடக் குடுக்க மாட்டேன்."

மாட்டுத் தொட்டிக்குப் போகிற தவிட்டில் கையை விட்டேன். சலித்து, வாணலியில் வறுத்து, நாட்டுச் சர்க்கரை போட்டு உருண்டை பிடித்தேன். தொண்டையில் ஒட்டும், மரத்தூள் தின்கிற மாதிரி இருக்கும். தின்றேன். பாசிப்பயறு வேகவைத்துத் தின்றேன். முருங்கையை மொட்டையடித்தேன். மாமியார் வாசலில் நின்றுகொண்டு ஊருக்குக் கேட்கக் கத்தினாள்.

"பாருங்கடியம்மா அநியாயத்த! கங்காணி பொண்டாட்டி மாட்டுத் தீனி திங்கிறா! நீ மனுஷிக்குப் பொறந்தியா, மாட்டுக்குப் பொறந்தியாடி?"

"ஒங்க வீட்டுல மாடாப் பொறந்திருந்தா என் மவ உசுரோட இருந்திருப்பா, அத்தை."

அதற்குமேல் அவள் என் அடுப்புப் பக்கம் வரவில்லை. அவரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அது ஒரு குறையாகவே இல்லை. கால் வீக்கம் வடிந்தது. ஒருநாள் ஈரத்தரை சில்லென்று உள்ளங்காலில் பட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

எனக்கு எட்டாம் மாதம் நடக்கும்போதுதான் அவர் முனியாண்டிக்கு அந்த ஆட்டை வெட்டினார். லயம் முழுக்கக் கறிச்சோறு. நானும் தின்றேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? சாமியை நான் குறை சொல்லவில்லை. சாமிக்கு ஆடு கேட்கத் தெரிந்திருந்தால், முந்தின வருஷமே கேட்டிருக்காதா?

மகன் பிறந்தான். பத்தியம் என்று மாமியார் மறுபடி வந்தாள். தட்டைக் கொடுக்க மாட்டேன் என்றேன். பருப்பும் கீரையும் புழுங்கல் சோறுமாகத் தின்றேன். மாதம் இரண்டு போயிற்று, மூன்று போயிற்று. ஒவ்வொரு நாளும் அவன் அழுவதற்காகக் காத்திருப்பேன். அடுப்படியில் இருந்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கத்துவான். கடைசி வீடு வரைக்கும் கேட்கும். "ஒம் மவன் தொண்டையில என்னாடி, பெரட்டுக்கு ஆளக் கூப்புடுற தாளமா வெச்சிருக்க?" என்று அந்த அக்கா கேட்பாள். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன். அதைவிட நல்ல சத்தம் நான் இதுவரை கேட்டதில்லை.

அவருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. எப்படி என்று சொல்கிறேன். பையன் தவழ ஆரம்பித்த சமயம், ஒருநாள் அந்தி சாய்ந்தபிறகு ஒரு மூட்டையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தார். சாக்கின் மேல் தவுக்கே கடையின் சியாம் அரிசி முத்திரை இருந்தது. அவிழ்த்தேன். உள்ளே புழுங்கல் அரிசி. அதே வாடை. பழைய சாக்கில் மாற்றிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒல வையி. எல்லாருக்கும்" என்றார். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே அரிசி. இன்னும் ஆறு பிள்ளை பிறந்தது, ஒன்றுக்கும் குரல் போகவில்லை. ஆனால் வாசலில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவர் சொன்னது ஆட்டுக் கதையைத்தான். சாகும்வரை அதைத்தான் சொன்னார். ஒருமுறை, ஒரே ஒருமுறை, என் காதில் மட்டுமாவது, அன்றைக்கு நான் உன்னிடம் மறைத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "உன் பால் நஞ்சு இல்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சியாம் சாக்குக்குள் புழுங்கலை ஒளித்த மாதிரி அதையும் ஒளித்துக்கொண்டே போய்விட்டார். பிள்ளைகளுக்கு அவர் நல்ல அப்பா. எனக்கும் பின்னாளில் ஒரு குறை வைக்கவில்லை. ஆனாலும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

என் மகளை யாரும் சபிக்கவில்லை. என் பால் நஞ்சு இல்லை. தீட்டிய அரிசியும், பட்டினி போட்ட பத்தியமும், ஒரு ஆண்பிள்ளையின் கௌரவமும் சேர்ந்து அவளைக் கொன்றன. முருங்கை எட்டுகிற தூரத்தில் நின்றது. தவிடு தொட்டியில் கிடந்தது.

எழுதி முடித்துவிட்டேன். எழுத்து கோணலாகத்தான் இருக்கும், கண்ணும் மங்கல், சரியாக வந்திருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. அதோ என் பேத்தி, கடைசிப் பையனின் மகள். இங்கே வாம்மா. இதை வாசித்துக் காட்டு. அறைக்குள்ளே வேண்டாம், ஹாலுக்குப் போவோம், தாத்தா படத்துக்கு முன்னால். உன் பெரியப்பாவையும் கூப்பிட்டு உட்காரச் சொல். முதல் வரியிலிருந்து ஆரம்பி. நல்லா சத்தமா வாசி.