அண்ணிக்கு விழுந்த ஓட்டு

மண்டல அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர், அண்ணி நீட்டிய படிவத்தைக் கையில் வாங்கவே இல்லை. திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி ஏழு நிமிடம். "டைம் முடிஞ்சிபோச்சும்மா. மூணு மணி வரைக்கும்தான் வாபஸ்" என்றார். ஏழு நிமிஷம்தானே சார் என்று கெஞ்சியது நான். அண்ணி கெஞ்சவில்லை. படிவத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்போ எம் பேரு மெஷின்ல இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். "இருக்கும்மா. சுயேச்சைங்களுக்குச் சின்னம் குலுக்கிப் போடப் போறாங்க. இருந்து வாங்கிக்கினு போயிடுங்க" என்றார் எழுத்தர். அண்ணி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மாநகராட்சித் தேர்தலில் போட்டியிட வேண்டாம் என்று முடிவு செய்து வந்த ஒருவர், சின்னம் வாங்குவதற்காகக் காத்திருந்தார். அவருக்கு விழுந்த சின்னம் அலமாரி.

எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துபோயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு என் சட்டைக்கு இஸ்திரி போட்டதும், பள்ளியில் கையெழுத்துப் போட வந்ததும், எனக்குப் பெண் பார்க்கப் போனதும் எல்லாம் அண்ணிதான். அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அண்ணன் மாரடைப்பில் போன பிறகு மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருந்தார். சாப்பாடு மட்டும் எங்களோடு.

அவர் மாநகராட்சி சுகாதார மையத்தில் நர்ஸாக இருந்தார். மையம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. கால்வாய்க் கரையை ஒட்டிய சந்து ஒன்றில் நான்கு அறைகள், வாசலில் ஒரு வேப்பமரம். கரையோரக் குடிசைகளிலும் அடுக்குக் குடியிருப்பிலும் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் அவர் கையில்தான் முதலில் அழுதிருக்கும். சொட்டு மருந்து நாட்களில் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார். தெருவில் அவரோடு நடப்பது எனக்குச் சலிப்பாக இருக்கும். பத்தடிக்கு ஒருத்தி "சிஸ்டர்" என்று நிறுத்துவாள், அண்ணி நின்றுவிடுவார்.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அந்த மையத்தைப் பழுது பார்க்கப் போகிறோம் என்று பூட்டினார்கள். பழுதும் பார்க்கவில்லை, திறக்கவும் இல்லை. அண்ணி மனு எழுதிக்கொண்டு போவார். ஒரு அதிகாரி இன்னொரு அதிகாரியைக் கைகாட்டுவார். அப்படி ஒரு மழைக்காலத்தில் கால்வாய்க்கரைப் பெண் ஒருத்திக்கு வலி எடுத்து, தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டிப்போட்டிருந்த சாலையில் வண்டி நகரவில்லை. ஆட்டோவிலேயே பிரசவம் ஆகி, குழந்தை தங்கவில்லை. அந்தப் பெண்ணும் இருபது வருடம் முன்பு அண்ணியின் கையில் பிறந்தவள்தான். அண்ணி போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே, "கவுன்சிலர் எலக்‌ஷன் வருதாமே. நான் நிக்கப் போறேன்டா" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஜெயிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? நின்னா நாலு தெருவுல மைக் வெச்சி இதப் பத்திப் பேசலாம். அப்புறம் ஜெயிக்கிறவன் தொறந்துதான் ஆகணும்."

அவரை முன்மொழிந்து வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டது நான். எழுத்துப் பிழை இல்லாமல் படிவத்தை நிரப்பியதும் நான்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு அது தெரிந்த வேலை. அண்ணிக்கு அன்று இருந்த உற்சாகத்தை அண்ணன் போன பிறகு நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, அந்த வார்டில் பலமாக இருந்த கட்சியின் வட்டச் செயலாளர் கடைக்கு வந்தார். ஆதார் அட்டையை ஒரு பிரதி எடுக்கச் சொன்னார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பிரதி எடுக்கும்போது வெளியே போய்க் கடை முகப்பின் தகர ஷீட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். "இன்னா நைனா, ஷீட்டு ரெண்டடி பிளாட்பாரத்துக்கு மேல வந்துக்கினு கீது. நான் ஒண்ணும் சொல்லல. எவனாவது கம்ப்ளெயிண்ட் குடுத்தா கடையவே சீல் வெச்சிடுவான்" என்றார். பிறகு, "சிஸ்டர் நல்ல மனுஷி. எங்க வூட்டுப் புள்ளைக்கும் அவங்கதான் ஊசி போட்டாங்க. இந்த வயசுல அவங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்? நீ சொன்னா கேப்பாங்க" என்றார். பிரதியை வாங்கிக்கொண்டு தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னால் அண்ணி கேட்பார் என்பது உண்மை. அது எனக்கும் தெரியும். வாபஸ் வாங்கக் கடைசி நாள் மதியம் வரை பொறுத்திருந்தேன். பிறகு சமையலறைக்குப் போனேன். அண்ணி வஞ்சிர மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். வட்டச் செயலாளர் கடைக்கு வந்துபோனதையும், என் மகள் கல்லூரியில் படிப்பதையும், கடையை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாததையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அது நடிப்பு இல்லை. ஆனால் என் அழுகை அவரிடம் எடுபடும் என்ற நினைப்பும் ஒரு ஓரத்தில் இருந்தது. அண்ணி என்னைத் திட்டவில்லை, வாதாடவில்லை. கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லக்கூடாதா? கெளம்பு, டைம் ஆவுது" என்றார்.

ஆட்டோவில் போகும்போது சிக்னலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். "சிஸ்டர், ஊசி போட்ட எடம் வீங்கிக்கினு கீது, ராவெல்லாம் அழுவுது." அண்ணி இறங்கிவிட்டார். நடைபாதையில் உட்கார்ந்து குழந்தையின் தொடையைத் தொட்டுப் பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார், ஈரத்துணி வைக்கச் சொன்னார், எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்று சொன்னார். நான் ஆட்டோவுக்குள்ளிருந்து "அண்ணி, அண்ணி" என்று கத்திக்கொண்டிருந்தேன். அங்கே போன பத்து நிமிடம்தான் அலுவலகத்தில் அந்த ஏழு நிமிடத் தாமதம் ஆயிற்று. வேண்டுமென்றே தாமதித்தாரோ என்று அன்று நான் சந்தேகப்பட்டேன். அப்படிப்பட்டவர் அவர் இல்லை.

வாபஸ் வாங்க முடியவில்லை என்றாலும் எனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார். மைக் வைக்கவில்லை, ஒரு நோட்டீஸ் அடிக்கவில்லை. அது போதாது என்று, கால்வாய்க்கரைச் சந்துகளுக்குப் போய், "மெஷின்ல எம் பேரு இருக்கும், அலமாரி படம் போட்டிருக்கும். அதுல போடாதீங்க. நான் நிக்கல. ஓட்ட வீணாக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார். பெண்கள் கேலி செய்தார்கள். தனக்கு ஓட்டுப் போட வேண்டாம் என்று வீடு வீடாக வந்து கேட்ட வேட்பாளரை அவர்கள் பார்த்ததில்லை. ஏன் நிற்கவில்லை என்று கேட்டவர்களிடம், "ஒடம்பு முடியல" என்றார். ஒரு இடத்திலும் என் பெயரைச் சொல்லவில்லை.

வாக்குப்பதிவு அன்று காலையில் நானும் அண்ணியும் சேர்ந்தே வாக்குச் சாவடிக்குப் போனோம். தெருமுனையில் வட்டச் செயலாளரின் ஆட்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எனக்கு வணக்கம் வைத்தார். உள்ளே அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நான் மட்டும்தான் இருந்தேன். யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. பட்டியலில் கடைசிக்கு முந்தைய பெயர் அண்ணியுடையது, பக்கத்தில் குட்டியாக ஒரு அலமாரி. அண்ணியே போடாதே என்றுதானே சொன்னார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வட்டச் செயலாளர் கட்சியின் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்தேன். அண்ணி வெளியே நிழலில் காத்திருந்தார். "நான் எனக்குப் போட்டுக்கலடா" என்றார்.

வாக்கு எண்ணிக்கை முடிந்து வட்டச் செயலாளரின் கட்சிக்காரர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அண்ணிக்கு விழுந்தவை நூற்றுத் தொண்ணூற்று மூன்று. கடைக்கு வந்த ஒருவர் சொல்லி, நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இத்தன பேரா? போடாதீங்கன்னு சொன்னேனேடா" என்றார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அங்கே இல்லாத ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேர் வாசலில் நின்றதுபோல் அவர் கலங்கிப்போனார். சட்டென்று நிமிர்ந்து, "நீ யாருக்குப் போட்ட?" என்று கேட்டார். "உங்களுக்குத்தான் அண்ணி" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த வாரத்திலிருந்து மறுபடியும் சந்துகளுக்குப் போக ஆரம்பித்தார். யார் யார் போட்டார்கள் என்று தெரிய வழியில்லை. அதனால் எல்லா வீட்டிலும் ஏறி இறங்கினார். "எனக்குப் போட்டிருந்தா மன்னிச்சிடுங்க. நான் நின்னிருக்கணும்" என்று சொன்னார். ஒரு நாள் வெயில் தாங்காமல் மயங்கி விழுந்துவிடப் போகிறார் என்று நானும் கூடப் போனேன். மீன் விற்கும் அம்மா ஒருத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். "இன்னா சிஸ்டர் நீ! போடாதன்னு சொன்ன, அது ஒன் இஷ்டம். போட்டது எங்க இஷ்டம். இதுக்குப் போய் மன்னிப்பு கேட்டுக்கினு கீறியே" என்றார். பக்கத்து வீட்டுக்காரி, "எங்க வூட்டுல அஞ்சு ஓட்டும் ஒனக்குத்தான் சிஸ்டர்" என்றாள். அதற்கு அடுத்த வீட்டிலும் அப்படியே சொன்னார்கள். போட்டோம் என்று சொன்னவர்கள் எல்லாரும் போட்டிருந்தால் அண்ணி ஜெயித்திருப்பார். அது அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். நான் கீழே செருப்பைக் கழற்றுவதுபோல் வெகுநேரம் குனிந்து நின்றேன்.

அதன்பிறகு அவர் வாழ்ந்தது ஒன்றரை வருடம். மாதம் நிறைந்த பெண்களை ஒரு வாரம் முன்னாடியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருவார். புதிய கவுன்சிலரின் அலுவலகத்தில் மனுவோடு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு குறைந்துகொண்டே வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. அலைச்சல் என்றுதான் நினைத்தோம். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அந்த மையம் இப்போதும் பூட்டித்தான் கிடக்கிறது. என் கடையின் ஷீட் இப்போது இல்லை. நடைபாதையை அகலப்படுத்துகிறோம் என்று தேர்தல் முடிந்த ஆறாவது மாதமே வரிசையாக எல்லாக் கடைகளின் ஷீட்டையும் அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வட்டச் செயலாளர் வந்து, "மேலேர்ந்து ஆர்டர் நைனா, நான் இன்னா பண்றது" என்றார். வெயில் நேராக ஜெராக்ஸ் மிஷின் மேல் விழும். சாக்கைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கடை ஓடுகிறது, மூடிவிடவில்லை. மகள் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். அண்ணி எதற்காக வாபஸ் வாங்கப் போனாரோ அதெல்லாம் எப்படியோ நடந்துவிட்டது. அவர் நின்றிருந்தாலும் நடந்திருக்கும்.

ஒன்றை மட்டும் நான் இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்குப் பங்குச் சாமியார் வந்து அண்ணியின் நெற்றியில் எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அண்ணி என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். குரல் மெலிந்திருந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"எல்லார் வூட்டுக்கும் போய்ச் சொல்லிட்டேன்டா. ஒங்கிட்டதான் சொல்லவே இல்ல. நீயும் எனக்குப் போட்ட இல்ல? நீ சொன்னப்போ ஒண்ணும் பேசாம இருந்துட்டேன். பயந்துக்கினு இருந்தவன், அப்படியும் போட்டியே."

நான் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"மன்னிச்சிடு தம்பி" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. அண்ணி திட்டியிருக்க மாட்டார். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு ஓட்டை நினைத்து இவ்வளவு நாள் அவர் சந்தோஷப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"அதெல்லாம் எதுக்கு அண்ணி" என்றேன்.

"இல்ல. சொல்லு."

"மன்னிச்சிட்டேன் அண்ணி" என்றேன்.

அண்ணி கண்களை மூடிக்கொண்டார். என் கையை மட்டும் விடவில்லை.