நேர்முகத் தேர்வில் கூப்பிட்ட பெயர்

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபதுகளில் நான் தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தேன். ஊரில் எம்.ஏ. முடித்து வந்த தம்பி மாடசாமி, பம்பாயில் பிஎச்.டி. சேர விண்ணப்பம் போட்டான். அதில் குடும்பப் பெயர் கேட்டிருந்தார்கள். நமக்கு அதெல்லாம் ஏது? காலமாகிவிட்ட அப்பாவின் பெயரை எழுதிவிட்டான்.

நேர்முகத் தேர்வுக்கு அம்மாவும் நானும் துணைக்குப் போனோம். வராந்தாவில் காத்திருந்தபோது பியூன் கதவைத் திறந்து, அந்த ஊர் வழக்கப்படி குடும்பப் பெயரைச் சொல்லி, "சுடலைமுத்து!" என்று கூவினான்.

புருஷன் பெயர் என்று அம்மா ஆயுசில் உச்சரிக்காத பெயர் அது. என் கையைப் பிடித்தாள்.

"ஏலே, ஐயாவையில்லா கூப்பிடுதான்!"

"சும்மா இரும்மா," என்றான் தம்பி.

"சுடலைமுத்து நஹி ஆயா?" என்று, வரவில்லையா என இந்தியில் கேட்டுவிட்டு, பியூன் அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தான். போனால் தம்பியின் படிப்பும் போச்சு. தம்பியும் நானும் எழவில்லை. அம்மாதான் எழுந்தாள்.

"அவுக வரமாட்டாக ராசா. அவுக மவன் வந்திருக்கான்," என்று தமிழிலேயே சொல்லி, தம்பியை உள்ளே தள்ளினாள். "போலே! அவுகளைத் தேடுதாகன்னா நீதானே போவணும்!"

தம்பிக்கு இடம் கிடைத்தது. ஆனால் திரும்பும் ரயிலில் அம்மா கேட்டாள்: "அந்தக் கூப்பாடு அவுகளுக்குக் கேட்டிருக்குமோ?"

ஆஸ்பத்திரி, ரேஷன் ஆபீஸ் என்று எங்கு போனாலும் இந்த ஊர் என்னையும் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறது. கொஞ்சம் பொறுத்துத்தான் எழுகிறேன். கூப்பிட்டது அப்பாவை; அவருக்கு முந்தி நான் எப்படி எழுவது?