பூமாலையின் இத்தாலிச் சொற்கள்

பூமாலை சித்தி வாங்கிப்போன பாத்திரம் எதுவும் வெறுமையாகத் திரும்பி வந்ததில்லை. குழம்பு கொடுத்த கிண்ணத்தில் மூன்று கத்திரிக்காய் வரும். மாவு கொடுத்த தூக்கில் ஒரு பிடி காராமணி. ஒன்றுமே இல்லாத நாளில் வேலியோரத்து முருங்கைக்கீரையையாவது உருவிப் போட்டுத்தான் நீட்டுவாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அபிநயா இதைப் பார்த்து வந்திருக்கிறாள்.

அபிநயா அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. இரண்டு வருடமாக வேலை இல்லை. வெளிநாடாவது போகலாமென்று செல்போனில் இத்தாலி மொழி படித்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட சித்தி ஒருநாள், "அங்க கெழவிங்கள பாத்துக்க ஆள் எடுக்கறாங்களாமே, எனக்கும் சொல்லிக் குடுடி" என்றாள். படுக்கையில் கிடந்த மாமியாரை ஆறு வருடம் பார்த்துக்கொண்டவள் அவள். கணவன் இறந்தபின் மலையடிவாரத்து மரவள்ளிக் காடுகளில் கூலி வேலை. மகள் இசைவாணி பிளஸ் டூ.

அங்கே ஆள் அனுப்பும் கள்ளக்குறிச்சி ஏஜென்சியில் இத்தாலி மொழியில் பேச்சுத் தேர்வு வைப்பார்கள்; நாற்பது வயது ஆகிவிட்டால் எடுக்க மாட்டார்கள். சித்திக்கு அடுத்த மாதம் நாற்பது.

"இது ஒன்னுதான் அபி. இது போச்சின்னா நானும் எம்பொண்ணும் செங்கல் சூளைக்குத்தான்."

சித்தி இத்தாலிச் சொற்களை முன்கையில் பேனாவால் தமிழில் எழுதிக்கொண்டு வேலைக்குப் போனாள். தண்ணீர், ஆக்வா. ரொட்டி, பானே. எங்கே வலிக்குது, தோவே ஃபா மாலே. கிழங்கு பிடுங்கும்போது வியர்வையில் எழுத்து கலையும். அதற்குள் மனப்பாடமாகியிருக்கும்.

"இன்னாடி பூமாலை, மாட்டுங்கூடவும் இத்தாலிதானா?" என்பாள் கூட வேலை செய்யும் காசியம்மாள்.

"மாடுதான்க்கா சிரிக்காம கேக்குது."

ஒரே ஒரு சொல்லில்தான் சித்தி தடுக்கினாள். கிராட்சியே. நன்றி.

"இத எப்போ சொல்றது?"

"யாரனா எதனா குடுத்தா சொல்லணும் சித்தி."

"குடுக்கறவங்க மூஞ்சிக்கு நேராவா? அத சொல்லிட்டா அதோட முடிஞ்சி போச்சின்னு ஆவாதா?"

அபிநயா சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள்.

தேர்வன்று காலை அபிநயா தன் டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வந்து சித்தியின் கையில் கொடுத்தாள். ஏஜென்சியின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே கம்ப்யூட்டர் திரையில் ஓர் இத்தாலிக்காரப் பெண். வலி, மருந்து, குளியல் என்று எல்லாக் கேள்விக்கும் சித்தி தட்டுத்தடுமாறியாவது பதில் சொன்னாள். கடைசியாக அந்தப் பெண் கிழவியைப் போல் முதுகை வளைத்து, ஒரு துண்டு ரொட்டியைத் திரைக்கு அருகே நீட்டினாள். உனக்குத்தான், வாங்கிக்கொள் என்றாள்.

சித்தி இரண்டு கைகளையும் ஏந்தினாள். பிறகு கேட்டாள்: "லேய் ஆ மஞ்சாத்தோ?"

நீங்க சாப்பிட்டீங்களா?

அந்தப் பெண் காத்திருந்தாள். மறுபடியும் ரொட்டியை நீட்டினாள். சித்தியும் மறுபடி அதையே, இன்னும் கவலையோடு கேட்டாள்.

"கிராட்சியே சொல்லு சித்தி, கிராட்சியே." கண்ணாடியில் அபிநயாவின் மூச்சுப் பட்டுப் புகைபோல் படிந்தது. அவள் முணுமுணுப்பு உள்ளே கேட்கவில்லை.

மூன்றாம் முறையும் அதே கேள்விதான்.

மாலையில் முடிவைச் சொன்னார்கள்: சாதாரண மரியாதைச் சொல்கூடத் தெரியவில்லை, தேர்ச்சி இல்லை. அபிநயா கெஞ்சிப் பார்த்தாள். இன்னொரு தடவை பேசச் சொல்லுங்கள் என்றாள். ஏஜென்சிக்காரர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் டப்பா திறக்கப்படாமல் சித்தியின் மடியில் இருந்தது.

"அந்தம்மா துன்னாம எனக்குக் குடுக்கறாங்களேன்னு கேட்டேன்டி. அது தப்பா?"

அபிநயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு ஏன் சிரித்தோம்? தன்னைத் தூக்கி வளர்த்த இவளிடம் தான் மட்டும் என்றைக்காவது அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாளா? இப்போது சொன்னால் எப்படி இருக்கும்? அதற்குள் ஊர் வந்துவிட்டது.

நாலாம் நாள் விடியற்காலையில் சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் லாரி வந்தது. சித்தியும் இசைவாணியும் சூளைக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்கூடப் பையில் துணியை அடைத்துக்கொண்டு இசைவாணி ஏறியதாகக் காசியம்மாள் சொன்னாள்.

அபிநயாவின் வீட்டு வாசற்படியில் டிபன் டப்பா இருந்தது. திறந்தாள். பளபளவென்று தேய்த்துக் கழுவித் துடைத்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

சித்தி வீட்டு வேலியோரம் முருங்கை தழைத்துத்தான் நின்றது.